சித்திரையிலேயே ஏறிப்போன விலை

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அறிவரசனுக்குப் பருவம் பார்த்துச் சரக்கு வாங்குவது கைவந்த கலை. ஆடியில் உழவு சூடுபிடிக்கும். டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டருக்குக் கத்தி கேட்டு ஆட்கள் மொய்ப்பார்கள். யாரும் சீந்தாத வைகாசியிலேயே திருச்சிக்குப் போய் மலிவாக வாங்கி அடுக்கிவிடுவான். பங்குச் சந்தையும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி இறங்கினான்.

முதல் வருடம் ஆனியில், நாட்டில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய கையோடு, ஒரு டிராக்டர் கம்பெனியின் பங்குகளை வாங்கினான். மழை நன்றாகவே பெய்தது. பங்கு இறங்கியது. பழைய விலைகளைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்ல மழை வரும் என்று சித்திரையில் வானிலை அறிவிப்பு வந்த வாரமே விலை ஏறி முடிந்திருந்தது. அவன் வாங்கியது உச்சியில்.

"மழ பேஞ்சா ஏறணும்ல? இது என்ன எழவு கணக்கு?" என்று மனைவி கவியாவிடம் கத்தினான்.

"ஊருக்கே தெரிஞ்ச மழைங்க. உங்களுக்கு மட்டும் தனியா லாபம் குடுக்குமா?" என்றாள் அவள்.

அந்தப் பேச்சு அவனுக்கு உறைக்கவில்லை. அடுத்த வருடம் இன்னும் முந்திக்கொண்டு மாசியிலேயே வாங்கினான். சித்திரையில் மழை குறையும் என்று அறிவிப்பு வந்தது, பங்கு சரிந்தது. மே மாதம் விற்றுவிட்டு ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னார். நஷ்டத்துக்கு விற்றான். பிறகு அறிவிப்பு பொய்த்து மழை கொட்டியது. பங்கு அவன் கண்ணெதிரே ஏறிப் போனது.

இந்த வருடம் அவசரப்படுவதில்லை என்று முடிவெடுத்தான். விலை இறங்கியதும் வாங்கலாம் என்று பணத்தைப் பங்குக் கணக்கில் போட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது திருச்சியில் கத்தி வாங்க வைத்திருந்த பணம். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று வைகாசி போனது. ஆனியும் போனது. விலை இறங்கவேயில்லை.

ஆடி பிறந்து ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை, வாலிகண்டபுரத்திலிருந்து செல்லக்கண்ணு வந்தார். வருடக்கணக்காக இந்தக் கடைக்கே வருகிறவர்.

"தம்பி, ஒரு செட்டு கத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிப்புடணும்."

அறிவரசன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். போல்ட்டும் நட்டும்தான் இருந்தன.

"ரெண்டு நாள் பொறுங்கண்ணே. வரவச்சுடறேன்."

"நான் பொறுப்பேன். ஈரம் பொறுக்குமா?"

அவர் ரோட்டாவேட்டருக்கான கத்தி டவுனில் வேறு கடையில் கிடையாது. "சரி, அரியலூர் போயிட்டு வரேன்" என்று வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு வந்தவர்களையும் அவன் வெறுங்கையோடுதான் அனுப்பினான்.

மத்தியானமே திருச்சிக்கு ஓடினான். வைகாசி விலைக்கும் அன்றைய விலைக்கும் எக்கச்சக்க வித்தியாசம். வேறு வழியில்லாமல் கடனுக்கு வாங்கினான். மறுநாள் ஒரு செட்டை எடுத்துக்கொண்டு நேராக வாலிகண்டபுரம் போனான். செல்லக்கண்ணுவின் காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் காடு உழுதாகிவிட்டது.

"அரியலூர்லயே கெடச்சிருச்சு தம்பி. வீணா அலைஞ்சிட்டியே" என்ற செல்லக்கண்ணு, வரப்பில் நின்றபடியே ஆவலாகக் கேட்டார். "ஆமா, நீ ஷேரு வாங்குறியாமே? எம் மருமவன் நச்சரிக்கிறான். எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்? சொல்லேன்."

"தெரியாதுண்ணே! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

தான் கத்தியது அவனுக்கே அதிர்ச்சியாக இருந்தது. செல்லக்கண்ணு முகம் சுண்டிப்போய், "கேட்டது தப்பாப்பா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் வண்டியை எடுத்தான்.

கடையில் கவியா கல்லாவில் உட்கார்ந்து, புரட்டாசி மக்காச்சோள விதைப்புக்கு என்னென்ன வேண்டும் என்று திருச்சி வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து நிமிர்ந்தாள்.

"இனிமே சரக்கு வாங்குறத நான் பாத்துக்கறேங்க. கடப் பணமும் எங்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்குத் தெரியாத பருவமா?" என்று சீறினான்.

"தெரியும். ஆனா உங்க மனசு இங்க இல்லையே."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பங்குக் கணக்கில் இருந்த பணத்தை எடுத்து அவள் கணக்குக்கு அனுப்பினான். அனுப்பிய கையோடு அந்த டிராக்டர் பங்கின் விலையையும் பார்த்தான். இறங்கத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கத்திகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தான்.