பூஜ்யம் என்றாள் அண்ணி

டயர் கடைக்கு மேலே இருபத்திரண்டு படி ஏறினால், அடிபட்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் கோச்சின் அறை. முட்டி வலிக்காரர்கள் வந்து போகிற இடத்துக்கு எதற்கு இத்தனை படி என்று எல்லாரும் ஒரு தடவையாவது கேட்பார்கள். "ஏறி வந்துட்டீங்க இல்ல, பாதி வலி கீழேயே நின்னுடுச்சு" என்பாள் கோச். அதைக் கேட்காமல் ஏறி வந்தவள் அவளுடைய அண்ணி ஒருத்திதான்.

அண்ணிக்கு முன்னால் அண்ணன் வந்தான். மனைவியின் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் மேடையில் வைத்தான். "பாத்துக்கம்மா" என்று தங்கைக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ பார்த்துச் சொன்னான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன் போல இறங்கி ஓடினான்.

மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரு ரப்பர் விரிப்பின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள்.

"உக்காருங்க அண்ணி."

"நிக்கிறேன். நின்னாத்தானே முட்டி எப்படி இருக்குன்னு தெரியும்? பெரிய கோச்சுன்னு சொன்னாங்க."

அண்ணி பதினாலாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். பதினோரு வருடமாக அதே வழி, அதே இருக்கை. டிப்போவில் வண்டி கழுவும் இடத்தில் எண்ணெயில் வழுக்கி விழுந்து, இடது முட்டிக்குள் சவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் டிப்போவில் சோதனை. பழைய வண்டி. கிளட்ச், தரையில் புதைந்த கல்லைக் காலால் தள்ளுவது போல இருக்கும். அதை நாற்பது தடவை விடாமல் மிதிக்க வேண்டும். பிறகு பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து கம்பியைப் பிடிக்காமல் இறங்க வேண்டும். பதினாலு அங்குல உயரம். கை கம்பிக்குப் போனால் தீர்ந்தது; ஓய்வு பெறும் வரை டிக்கெட் ஜன்னல்தான்.

"கண்ணாடிக் கூண்டுல என்னை உக்கார வெச்சு வேடிக்கை பாக்கணும்னு மேனேஜருக்கு ஆசை" என்றாள் அண்ணி. "உனக்கும் இருக்கும்."

வேறு பயிற்சியாளரே இல்லையா என்றால், இருந்தார்கள். ஆனால் டிப்போவில் முதுகு பிடித்தவன், தோள் இறங்கியவன், யாரைக் கேட்டாலும் இந்த மாடிப்படியைத்தான் காட்டினார்கள்.

கோச்சின் அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தாள்: பூஜ்யம் முதல் பத்து. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் உயிர் போகிற வலி. மூன்று வரைக்கும் தொடரலாம். நாலு என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் "எத்தனை?" என்று கேட்பாள். வந்தவர் எண்ணைச் சொல்வார். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, கூட்டுவாள் அல்லது குறைப்பாள். ஒன்பது வருடத்தில் இதுவரை ஒருவரையும் அவள் காயப்படுத்தியதில்லை.

நாலு அங்குலப் பலகையிலிருந்து மெதுவாக ஒரு காலை இறக்கச் சொன்னாள்.

"எத்தனை?"

"பூஜ்யம்."

பத்தாவது தடவையிலும் பூஜ்யம். சுவரோடு சாய்ந்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தபோது, தொடை நடுங்க நடுங்கப் பூஜ்யம். எதிரியின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் உண்டு. அண்ணி எதிரியின் முன்னால் வலியைக்கூட இறக்கி வைக்கத் தயாராக இல்லை. எண்ணைச் சொல்லாத வாய்க்கு மற்றபடி ஓய்வே கிடையாது.

"இந்தக் கண்ணாடியைத் தொடைக்கவே மாட்டியா?" என்பாள், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கண்ணனுக்கு முதுகெலும்பு இருக்கான்னு ஒருநாள் பாத்துச் சொல்லேன்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "உன் புருஷன் உன்னை விட்டுட்டுப் போனது தப்பே இல்ல. அந்த மனுஷன் தூங்கும்போதும் எத்தனை எத்தனைன்னு கேட்டிருப்பே."

கோச் நோட்டில் இன்னொரு பூஜ்யம் எழுதினாள். "முதுகு நேரா, அண்ணி."

இரண்டாவது வாரம், ஆறு அங்குலப் பலகை. ஒன்பதாவது தடவை இறங்கும்போது அண்ணி நிதானமாகச் சொன்னாள்: "உங்கம்மா என் வீட்ல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. நீதான் பெட்டியைத் தூக்கிட்டுக் கூட்டிட்டுப் போனே. ஒன்பது மாசம். ஒன்பதே மாசத்துல முடிச்சுட்டே."

அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டதால்தான் பெட்டியைத் தூக்கினாள். அது அண்ணிக்கும் தெரியும். கீழே டயர் கடையில் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கோச்சுக்குத் தன் காதுக்குள் ஓடுவது போல இருந்தது.

"எத்தனை?"

"பூஜ்யம்."

வெறுங்காலின் விரல்கள் மின்கம்பியில் உட்கார்ந்த பறவையின் விரல்களைப் போலப் பலகையின் விளிம்பைக் கவ்வியிருந்தன. கோச் அதைப் பார்த்தாள். பார்த்தபிறகும், "பூஜ்யம்னா ஏத்திடலாமே" என்று எட்டு அங்குலப் பலகையைக் காலால் தள்ளி வைத்தாள். பன்னிரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னாள். அண்ணி பன்னிரண்டும் இறங்கினாள்.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தான்.

"முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு. முழுக்கால் பேண்ட்டைப் போட்டு மறைச்சுட்டிருந்தா. பழி வாங்குறியான்னு உன்னைக் கேக்கச் சொன்னா."

"அவங்க கேக்கச் சொன்னாங்களா, நீயே கேக்குறியா?"

அண்ணன் யோசித்தான். "ரெண்டும்தான்."

அவள் போனை வைத்தாள். பதில் 'ஆமாம்' என்பதுதான். ஒன்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் ஒரு பலகையில் போயிற்று. நோட்டை எடுத்துப் புரட்டினாள். வரிசையாகப் பூஜ்யங்கள், முட்டை அடுக்கிய தட்டு மாதிரி. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. அம்மாவைப் பற்றிய பேச்சு முதல் தடவையில் வரவில்லை. ஐந்தாவதில் வரவில்லை. கால் ஒன்பதாவது தடவை இறங்கும்போதுதான் வந்தது. கால் சுகமாக இருந்தபோதெல்லாம் அண்ணி கண்ணாடியைக் குறை சொன்னாள். கொஞ்சம் உறுத்தினால் அண்ணன். சுரீரென்றால் ஓடிப்போன புருஷன். வாய் பேசியதாக இவள் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் முட்டி பேசியது.

பென்சிலை எடுத்து எழுதினாள்: அறை, ஒன்று. அண்ணன், மூன்று. புருஷன், ஐந்து. அம்மா, எட்டு.

வீக்கம் வடிய ஐந்து நாள் ஆயிற்று. திரும்பி வந்த அண்ணியை மறுபடி நாலு அங்குலத்தில் நிறுத்தினாள். "எத்தனை?" என்று வழக்கம்போலக் கேட்டாள், பூஜ்யம் என்ற பதிலைக் காற்றில் விட்டுவிட்டு, வசவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டாள். விரிப்பு நாறுகிறது என்றால் இன்னும் ஐந்து தடவை. அண்ணன் தலை உருண்டால் மெதுவாக. புருஷன் வந்தால், "போதும், உக்காருங்க."

"பட்டுச்சா?" என்றாள் அண்ணி, முகம் மலர்ந்து.

"நல்லாவே பட்டுச்சு அண்ணி."

அண்ணிக்கு அந்த வாரம் பண்டிகைதான். வார்த்தையால் அடித்து அடித்தே நாத்தனாரைப் பணிய வைக்கிறோம் என்று நினைத்து, உற்சாகமாகப் படியேறி வந்தாள். முட்டியும் தேறிக்கொண்டு வந்தது. எட்டு அங்குலம், பத்து, பன்னிரண்டு. பன்னிரண்டில் நின்றுகொண்டு கண்ணாடியை மட்டுமே திட்டினாள்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோச் ஜன்னலைச் சாத்தப் போன நேரத்தில், அண்ணி விரிப்பில் கிடந்த நோட்டை எடுத்தாள்.

"'அம்மா, எட்டு.' என்னடி இது?"

கோச் திரும்பினாள். மறைக்க நேரமில்லை.

"நான் திட்டுறதுக்கு மீட்டர் போட்டு வெச்சிருக்கியா?" அண்ணி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "வாயைப் பிடுங்கி வைத்தியம் பாத்திருக்கே. பட்டுச்சுன்னு நடிச்சிருக்கே."

"நடிக்கல. பட்டுச்சு, கூடவே எழுதிக்கிட்டேன்."

அண்ணி நோட்டை மூடிக் கீழே வைத்தாள். அத்தோடு வாயையும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. விரல்கள் தெரியாதபடி தடித்த ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். முகம் இறக்கிவிட்ட ஷட்டர். சோதனைக்கு நாலு நாள் இருந்தது. கோச் பதினாலு அங்குலப் பலகையை வைத்தாள். அண்ணி ஏறினாள், இறங்கினாள். "எத்தனை?" பதில் இல்லை. மறுபடி ஏறினாள், இறங்கினாள். ஏதோ ஒன்று, மூச்சோ, தோளோ, ஒரு நூல் அளவு கோணியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னது போல இருந்தது.

மூன்றாவது தடவை அண்ணி ஏறுவதற்குள் பலகையை இழுத்துக்கொண்டாள்.

"பலகையை வை."

"வைக்க மாட்டேன். ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"எதையாவது. என் புருஷனைத் திட்டுங்க, அம்மாவை இழுங்க. இல்லன்னா நம்பரைச் சொல்லுங்க. தெரியாம நான் ஏத்த மாட்டேன்."

"அன்னிக்கு மட்டும் ஏத்தினே?"

"தெரிஞ்சேதான் ஏத்தினேன்" என்றாள் கோச். "உங்க கால் விரல் சுருண்டதைப் பாத்துட்டுத்தான் எட்டை வெச்சேன்."

"தெரியும். நீ பாத்ததை நான் கண்ணாடில பாத்தேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"நிறுத்துன்னு உன்கிட்ட சொல்லவா?"

கீழே எவனோ டயரைத் தரையில் அடித்து அடித்து உருட்டிக்கொண்டு போனான். அது தெருமுனை வரை போகும் சத்தம் கேட்டது. அண்ணி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஆறு" என்றாள். "ஏறும்போது நாலு. இறங்கும்போது ஆறு. போதுமா? போய் ஊரெல்லாம் தண்டோரா போடு."

கோச் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "ஆறோட போனா கை தானா கம்பிக்குப் போயிடும். பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லுங்க."

"வலிக்குதுன்னு அந்த மேனேஜர்கிட்ட நான் சொல்லணும். அவன் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போறார். கூண்டுல உக்காந்து இருபது வருஷம் அவர் சிரிக்கிறதைப் பாக்கறதுக்கு இது மேல்."

அண்ணி போனை எடுத்தாள். எண்ணை அழுத்திவிட்டு, கோச்சின் முகத்தையே வெறித்துக்கொண்டு பேசினாள். "ஆமா சார். பத்து நாள். வலிக்குது சார். ஆமா, நான்தான் சொல்றேன்." மறுமுனை என்ன சொன்னதோ, அண்ணியின் கழுத்து சிவந்தது. போனை வைத்ததும் கையில் இருந்த துண்டைக் கோச்சின் மேல் விட்டெறிந்தாள்.

"இதுக்கு எத்தனைன்னு எழுதிக்கோ."

அடுத்த பத்து நாளும் எண்ணைச் சொன்னாள். மூணு, ரெண்டு, மூணு என்று பழக்கொட்டையைத் துப்புவது போலத் துப்பினாள். வசவும் நிற்கவில்லை, ஆனால் அது இப்போது எண்ணோடு ஒட்டாமல் தனியாக வந்தது. ஒருநாள் கால் சுகமாக இருக்கும்போதே அம்மாவைப் பற்றிச் சொன்னாள். கோச் அதை நோட்டில் எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

சோதனையன்று மதியம் அண்ணன் போன் செய்தான். நாற்பது தடவை மிதித்தாளாம். கம்பியைத் தொடாமல் இறங்கினாளாம். நம்பாத மேனேஜர் இன்னொரு தடவை இறங்கச் சொன்னாராம். "இறங்கிட்டு, நீங்க ஒரு தடவை இறங்கிக் காட்டுங்கன்னு சொல்லிட்டாம்மா" என்று சிரித்தான். "உன்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாளான்னா, இல்ல."

இரண்டு வாரம் கழித்து கோச் நிறுத்தத்தில் நின்றாள். பதினாலாம் நம்பர் வந்தது, அவளைத் தாண்டிப் பத்தடி போய் நின்றது. ஓட வைத்தது. ஏறினாள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளட்ச் போயிற்று, வந்தது. மூன்று நிறுத்தம் கடந்தது.

இறங்கும்போது படியில் நின்று கேட்டாள். "எத்தனை?"

அண்ணி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூஜ்யம்."

கோச் நகரவில்லை.

"நம்பலன்னா போ" என்றாள் அண்ணி. "உன் ரூம் கண்ணாடியை இன்னும் தொடைக்கல இல்ல? கரிச்சட்டி மாதிரி இருக்கு. எறங்கு, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவள் இறங்கியதும் கதவு முதுகை உரசிக்கொண்டு மூடியது. வண்டி விட்டுப்போன புகைக்குள் நின்றபடி, பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள்: அறை. ஒன்று.