மூடிக்குள் இருந்த மீன்

பல்லுக்காரருக்கு நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் அவர் இறங்கியதும் இல்லை. ஆனால் ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் கையில் கட்டிக்கொள்வதற்கென்றே செய்த பழைய பிரெஞ்சு வாட்சுகள் ஒரு மேஜை இழுப்பறை நிறைய அவரிடம் இருந்தன. நனையாத மனுஷனுக்கு நனையாத வாட்சு, நல்ல ஜோடிப் பொருத்தம் என்பாள் மனைவி. அவர் பதில் சொல்ல மாட்டார். பதில் சொல்லாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மஞ்சளை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, புதுப் பல்லிலும் அதே மஞ்சளை ஏற்றுவார். நாள் முழுக்கப் பொய்யோடு புழங்கியதாலோ என்னவோ, வீட்டு மேஜை இழுப்பறைக்குள் ஒரு பொய் நுழைந்தாலும் அவருக்குத் தாங்காது.

பெரிய பெயருள்ள வாட்சுகள் மேல் அவருக்கு ஆசையில்லை. மலையடிவாரத்து ஊர்களில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தி, ஒருநாள் சத்தமில்லாமல் பூட்டிவிட்டுப் போன பட்டறைகளின் வாட்சுகள்தான் வேண்டும். ஓரிடத்தில் கூடு, இன்னோரிடத்தில் முகப்பு, வேறெங்கோ முள் என்று வாங்கிக் கோத்தவர்கள் அவர்கள். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அந்தக் கோணல்தான் அவருக்குப் பிடித்தது.

கடைசியாக வந்தது எல்லாவற்றையும்விடக் கோணல். அதன் முகப்பைச் சுற்றிய வளையத்தில் எண்கள் தலைகீழாக இறங்கின. மூழ்கி எவ்வளவு நேரமாயிற்று என்று அது சொல்லாது; இன்னும் எவ்வளவு நேரத்துக்கு மூச்சு மிச்சம் என்று சொல்லும். கூடும் விசித்திரமானது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரே மூடியை அழுத்தி இறுக்கும். ஆழ்கடலில் அதற்கு ஒன்றும் ஆகாது. ரப்பர் வளையம் காய்ந்துபோன இந்த வயதில் ஒரு வாளித் தண்ணீர்தான் அதற்கு எமன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் பழைய வாட்சு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். கடைக்காரரும் அதில் ஒருவர். அங்கே தீர்ப்புச் சொல்வது பூதக்கண்ணாடி. கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டே பேசும் பெரியவருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அவர் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. மேல்முறையீடு கிடையாது.

பல்லுக்காரர் புது வாட்சைக் கொண்டுபோன அன்று மற்றவர்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். பூதக்கண்ணாடி பின்மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். மூடியின் உள்பக்கம், ஏதோ ஒரு காலத்துப் பழுது பார்ப்பவர் ஊசியால் கீறிய சின்ன மீன் ஒன்று இருந்தது. லென்ஸைக் கழற்றிக் கொடுத்து அதைக் காட்டியவரும் அவர்தான். மீனுக்கு ஒரு கண்ணும் மூன்று செதிலும் இருந்தன. இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் மூடியை இறுக்கினார். மற்றவர்கள் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்தார்.

"வளையம் ஒரு செத்த வாட்சோடது, முள்ளு இன்னொண்ணோடது. மூணு பிணத்தைத் தைச்சு ஒரு ஆளா நிறுத்தியிருக்காங்க தம்பி," என்றார். "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பல் செட்டு கட்டுறவருக்கு வாட்சும் செட்டு கட்டினதாத்தான் வந்து சேரும்."

அறை சிரித்தது. அந்தப் பட்டறைகள் எல்லாமே அப்படிக் கோத்தவைதான், அப்படியானால் எதுதான் அசல் என்று கேட்கப் பல்லுக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். அது அடங்கியபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

அதோடு போயிருந்தால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். அடுத்த வாரம் கடைக்காரர் வீடு தேடி வந்தார். முன்பு பல்லுக்காரரிடம் மாற்றி வாங்கிய வாட்சு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சந்தேகம் ஒன்றும் இல்லை, மனசுதான் கேட்கவில்லை என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பல்லுக்காரர் அதை எடுத்துக்கொண்டு, அவருடைய பழைய வாட்சைத் திருப்பிக் கொடுத்தார். தன்னைப் பொய்யன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்பதுதான் அவரை அதிகம் எரித்தது. சொல்லியிருந்தால் மறுக்கவாவது வழி இருந்திருக்கும்.

பிறகு அந்த ஃபோன் வந்தது. பழைய சாமான் வாங்குகிறவன் என்று சொல்லிக்கொண்ட ஒரு குரல். உங்களிடம் ஒரு தேறாத பிரெஞ்சு வாட்சு கிடப்பதாகக் கேள்விப்பட்டேன், உதிரி பாகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றது. தூக்கிப் போடுவதற்கு இது மேல் என்று ஆறுதலும் சொன்னது. பல்லுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிர்முனையில் பேச்சு தீர்ந்துவிட்டது. அந்த மௌனத்தை நிரப்பத்தான் அந்த ஆள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"உள் மூடியில அந்த மீன் இருக்குல்ல, அதை மட்டும் தேய்ச்சுகீய்ச்சு வெச்சிடாதீங்க சார்."

அவர் ஃபோனை வைத்தார்.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்குச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பிடித்தது. அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு வாட்சுகள் மேல் எந்த மரியாதையும் இல்லை. ஆனால் கணக்குப் புரிந்தது.

"பிணம்னு சொன்னவரு பிணத்தை ஏன் பொண்ணு கேட்டு ஆள் அனுப்புறாரு? போய்க் கேளுங்க. இதுக்கும் வாயை மூடிக்கிட்டு வந்தீங்கன்னா, நீங்க செய்யிற பல்லையெல்லாம் உங்களுக்கே மாட்டி விட்டுருவேன்."

கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். யார் ஃபோன் செய்தது, எந்த மீன், எனக்கு என்ன தெரியும் என்பார் பூதக்கண்ணாடி. ஊரே அவர் பக்கம் தலையாட்டும். மீனைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் நீதிபதி.

அடுத்த கூட்டத்துக்கு அவர் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார். பல்லுக்காரர் தன் டம்ளரை மேஜை நடுவில் நகர்த்தினார். வாட்சைக் கழற்றினார். சாவி கொடுக்கும் திருகை முழுக்க வெளியே இழுத்துவிட்டார். இப்போது அது திறந்த வாய்தான். தண்ணீர் நேராக உள்ளே போகும். வாரைப் பிடித்து டம்ளருக்கு மேலே தொங்கவிட்டார்.

"என்ன விளையாட்டு இது," என்றார் கடைக்காரர்.

"போலிதானே," என்றார் பல்லுக்காரர். அவர் பார்வை பூதக்கண்ணாடியின் மேல் இருந்தது. "அண்ணே, ஒரு தடவை சொல்லிடுங்க. தேறாதுன்னு சொல்லுங்க. போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

பூதக்கண்ணாடி சிரிக்கப் பார்த்தார். லென்ஸ் கண்ணிலிருந்து மடியில் விழுந்தது. அந்த அறையில் முதல் முறையாகப் பல்லுக்காரரின் மௌனம் இன்னொருவர் வாயில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் தணியவில்லை, ஏறியது. இந்த ஆள் பேசாமல் இருந்தே தப்பித்துவிடுவார். தன்னைப் போலவே.

விரல்களைத் தளர்த்தினார்.

வாட்சு அடியைத் தொடும் முன்பே பூதக்கண்ணாடியின் கை டம்ளருக்குள் இருந்தது. தண்ணீர் மேஜையிலும் பல்லுக்காரர் சட்டையிலும் கொட்டியது.

"அடப் பாவி, அசல்யா அது," என்றார் அவர். "இந்த மாதிரி வளையத்தோட இன்னொண்ணு நான் பாத்ததே இல்லய்யா."

சட்டை நுனியால் துடைத்தார். முகப்பைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினார். பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கியவரைப் போல அதைக் காதில் வைத்துக் கேட்டார். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் தரையைப் பார்த்தபடி ஒரு துணியை நீட்டினார்.

"இப்பவே பிரிச்சுத் துடைக்கணும், துரு ஏறிடும்," என்றார் பூதக்கண்ணாடி. அவர் குரலில் வெட்கமே இல்லை, அவசரம்தான் இருந்தது. "எங்கிட்ட விட்டுட்டுப் போங்க தம்பி. உங்களுக்கு இது வராது."

பல்லுக்காரர் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. கடைசியில் வாட்சு அதில் வந்து விழுந்தது, அதுவரை பிடித்திருந்த கையின் சூட்டோடு.

வழியெல்லாம் அந்தச் சூடுதான் அவரை உறுத்தியது. போலி என்று சொன்ன வாய்க்கும் தண்ணீருக்குள் பாய்ந்த கைக்கும் சொந்தக்காரர் ஒருவரே. தன்னைவிட அந்த ஆளுக்குத்தான் அதன் மேல் பாசம் அதிகமோ? அவர் பொய் சொன்னார், ஆனால் காப்பாற்றினார். நான் உண்மையைச் சொல்ல வைத்தேன், ஆனால் மூழ்கடித்தேன். இப்படி ஒரு கணக்குக்குள் தன்னை இழுத்து விட்டதற்காகவும் அவரை மன்னிக்க முடியாது.

மருத்துவமனையின் பின்னறையைத் திறந்தார். பொய்ப்பல் அச்சை உலர்த்தும் காற்றுக் குழாயை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தபோது, அவரைத் தேடிக்கொண்டு மனைவியும் வந்து நின்றாள். ஈரச் சட்டையையும் வாட்சையும் பார்த்தாள். நடந்ததை இந்த முறை உடனே சொன்னார்.

அவள் குனிந்து மூடிக்குள் பார்த்தாள். மீன் மேல் ஒரு துளி நின்றது.

"போகட்டும், இதுக்காவது தண்ணி கிடைச்சுதே," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. மேஜையில் ஃபோன் அடித்தது. கடைக்காரர். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நான் திருப்பித் தந்த அந்த வாட்சைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இருக்கும். அது ஓய்ந்ததும் பூதக்கண்ணாடியின் எண் வந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அடிக்கட்டும்," என்றார் அவர். துளியை நோக்கிக் காற்றைத் திறந்தார். அந்தச் சத்தத்தில் ஃபோன் சத்தம் கேட்கவில்லை.