பதினான்காவது படிவம்

சும்மா சொல்லக்கூடாது, 'பனிக்கோட்டை' விளையாட்டில் தங்கேஸ்வரியை வெல்ல அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை. துஷாந்த் அவளுடைய கணவனின் தம்பி. அந்தக் கணினி விளையாட்டைச் செய்த ஒஸ்லோக் கொம்பனியில்தான் அவனுக்கு வேலை. புது விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டு இருத்துவது அவன் பொறுப்பு. அப்படிப்பட்டவனையே அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெஸ்ட்லியிலுள்ள அண்ணன் வீட்டில் வைத்துச் சுருட்டிவிடுவாள்.

அவள் அவசரப்பட்டு ஒரு படையையும் அனுப்பமாட்டாள். கோட்டையில் தானியத்தைச் சேர்ப்பாள், மலைக் கணவாயை அடைப்பாள், எதிரி குளிரில் பட்டினி கிடந்து தானாக வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரித் தளபதிக்கு, நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் தான் முன்பு வேலைசெய்த மீன் ஆலை மேற்பார்வையாளனின் பெயரை வைத்திருந்தாள். அந்த ஆலையில் பதினொரு வருடம் ஐஸ் தண்ணீரில் கை விட்டு மீன் வெட்டி, விரல் மூட்டெல்லாம் வீங்கி இறுகிப்போனவள். சட்டைப் பொத்தான் போடவே கையோடு சண்டை பிடிக்கவேண்டும். ஆனால் பனிக்கோட்டையில் ஆளுக்கு ஒரு முறை. உன் முறை வந்தால் நீ நகர்த்தும்வரை உலகமே காத்திருக்கும். அவள் எழும்பிப் போய்ப் பருப்புக்குத் தாளித்துவிட்டு வந்தாலும் காத்திருக்கும். "இது ஒண்டிலதான் தம்பி, என்ர கையை ஒருத்தரும் பாக்கிறேல்லை" என்பாள்.

2006 இல் கொம்பனி இரண்டாம் பாகத்துக்கு ஆயத்தமானது. அதில் முறை கிடையாது. எதிரி காத்திருக்கமாட்டான், நீ யோசிக்கிற நேரத்தில் கோட்டை எரிந்துவிடும். பழையபடி முறை வைத்து விளையாடும் வழியையும் சேர்த்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று அவர்களுக்குள் பிடுங்குப்பாடு. பொதுச்சனத்தில் பதினான்கு பேரைக் கூப்பிட்டுச் சோதிப்பது, சொந்தக்காரர் ஒருவரும் வரக்கூடாது என்று முடிவானது.

துஷாந்துக்கு ஆசை விடவில்லை. அண்ணியை விட்டால் யார் இந்த விளையாட்டைச் சோதிக்க? நோர்வேயில் குடும்பம் என்றால் எல்லோருக்கும் ஒரே பின்பெயர். அவனோ பத்மநாதன், அண்ணியோ தன் தகப்பனின் பெயரை மாற்றாமல் தங்கேஸ்வரி சின்னத்தம்பி. எந்தத் துப்பறிவாளன் வந்தாலும் கண்டுபிடிக்கமாட்டான். துணிந்து பட்டியலில் போட்டுவிட்டான்.

"அங்கை என்னைத் தெரியாத மாதிரி நிக்கோணும், அண்ணி."

"ஓம், ஓம். நீ பயப்பிடாதை."

சோதனை நடந்த சனிக்கிழமை அவள் நல்ல சட்டை போட்டு, தலை வாரி வந்தாள். அவனைக் கண்டதும் கையை நீட்டி, "குட் டாக்" என்று நோர்வேஜிய மொழியில் வணக்கம் சொன்னாள். சிரிப்பை அடக்க இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விளையாட்டுத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மற்றப் பதின்மூன்று பேரும் படபடவென்று அடித்துத் தள்ள, அவளுடைய கோட்டை ஏழு முறை எரிந்தது. எட்டாம் முறை அவள் கணினி எலியை மேசையில் விட்டுவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். துஷாந்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் குறிப்பெடுத்தான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் முதலாளி ஸ்டைனார், சோதித்தவர்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களை வாசித்தார். பதின்மூன்றிலும் புகழ்ச்சி. பதினான்காவதை அவள் நோர்வேஜிய அகராதி பார்த்து, பிழையும் சரியுமாகத் தானே எழுதியிருந்தாள்: 'யோசிக்க நேரம் தாருங்கள். கை மெதுவென்றால் மூளையும் மெதுவென்று நினைக்காதீர்கள்.' எழுத்துப் பிழைகளைக் கண்டு யாரோ சிரித்தார்கள். துஷாந்தும் சிரித்தான். அதை இன்றைக்கு நினைத்தாலும் அவனுக்குத் தன் வாயில் தானே அடிக்கவேண்டும் போலிருக்கும்.

ஸ்டைனார் சிரிக்கவில்லை. "இந்தப் பெண்மணி யார், துஷாந்த்? பழைய விளையாட்டு நன்றாகத் தெரிந்த ஆள் என்றால் நாம் யோசிக்கவேண்டும்."

வாய் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும். என்னுடைய அண்ணி, நான் கண்டதிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரி என்று சொன்னால் அந்த மனிதர் கேட்டிருப்பார். ஆனால் அதோடு, விதியை மீறிச் சொந்தக்காரியைக் கொண்டுவந்தாயா என்ற கேள்வியும் வரும். வேலை நிரந்தரமாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றான் துஷாந்த். "கணினிப் பழக்கம் இல்லாத யாரோ ஒரு அம்மா. கணக்கில் எடுக்கத் தேவையில்லை."

படிவத்தை அவன் கையிலேயே கொடுத்தார்கள். அவனே கிழித்தான்.

அடுத்த வருடம் இரண்டாம் பாகம், முறை வைத்து விளையாடும் வழி இல்லாமலே, வந்தது. கடை வாசலில் பதினாறு பதினேழு வயதுப் பெடியள் வரிசையில் நின்றார்கள். முதற்பாகத்தை விளையாடியவர்களிடமிருந்து வேறு விதமாகக் கடிதங்கள் வந்தன: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாரிசவாதத்தில் ஒரு கை விழுந்த ஒருவர், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் விளையாடிய ஒரு தாய். எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஸ்டைனார் பெருமூச்சு விட்டார். "போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம்" என்றார். அவர்களுக்கு மறுமொழி எழுதும் வேலை துஷாந்தின் தலையில் விழுந்தது.

அந்தக் கடிதங்கள் வரத் தொடங்கியபின் வெஸ்ட்லிப் பக்கம் அவன் ஐந்து கிழமை எட்டிப் பார்க்கவில்லை. ஆறாம் கிழமை அண்ணன் திட்டிக் கூப்பிட்டபிறகுதான் போனான். ஞாயிறு மத்தியானம். அண்ணன் வேலையில். அண்ணி கணினியின் முன்னால் இருந்தாள், இரண்டாம் பாகம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவளே கடைக்குப் போய் வாங்கியிருக்கிறாள். விரல்களில் தைலம் பூசித் துணி சுற்றியிருந்தது. மூட்டுகள் முன்னையைவிட வீங்கியிருந்தன.

"இஞ்சை பார் தம்பி, இப்ப பத்து நிமிசம் கோட்டையைக் காப்பாத்துறன். ஒவ்வொரு நாளும் பழகிறன்."

"ஏன் அண்ணி உந்தக் கையோட?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் அந்தக் கடுதாசியில குறை எழுதிப்போட்டன் எல்லே. அதால உனக்கு அங்கை ஏதும் பிரச்சினை வந்ததோ? நீ இந்தப் பக்கம் வராமல் விட்டவுடன எனக்கு அதுதான் யோசினை. நான் எழுதினது பிழையெண்டு அங்கை சொல்லு. எனக்கும் ஏலுமெண்டு சொல்லு. அதைக் கிழிக்கச் சொல்லு."

துஷாந்த் கதிரையில் இருந்துவிட்டான். இனி மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. கூட்டம், படிவம், சிரிப்பு, ஸ்டைனார் கேட்டது, தான் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான். திரையில் கோட்டை எரிந்து முடிந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"விளையாட்டுப் போனால் போகுது" என்றாள் தங்கேஸ்வரி. துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "அண்டைக்குப் பகிடிக்குத் தெரியாத மாதிரி நிண்டம். அது சரி. நான் வீட்ட வந்தாப்பிறகும் ஏன் என்னைத் தெரியாதெண்டு சொன்னனீ?"

"மன்னியுங்கோ அண்ணி" என்றான். அவள் அவிழ்த்த துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

கதவு மணி அடித்தது. பக்கத்து வீட்டு ராசமலர், புதிதாகக் குடிவந்தவள், கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆர் அக்கா வந்திருக்கிறது?"

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். என்ன சொன்னாலும் தகும் என்று இருந்தான். தங்கேஸ்வரி அவன் பக்கம் திரும்பாமலே கறிவேப்பிலையை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்கட துஷாந்த். இவற்ற தம்பி. இந்தக் கொம்பியூட்டர் விளையாட்டெல்லாம் செய்யிற ஆள். எனக்கு விளையாடக் காட்டித் தந்ததும் அவன்தான்."

தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் துஷாந்துக்குச் சுகமாக இருந்திருக்கும்.