ஒரு வசனத்துக்கு மட்டும் இடம்

1

இந்தக் கதை என் காற்சட்டை ஒன்றிலிருந்து தொடங்கியது. போன மாதம் அதன் இடுப்பைப் பெருப்பிக்க வேண்டியிருந்தது. கல்முனைக் கடைத்தெருவில் அச்சிமுகம்மதுவின் தையல் கடைக்குக் கொண்டுபோனேன். வெட்டுமேசையில் நின்றவர் கதிர்காமத்தம்பி. ஐம்பது வயதிருக்கும். அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"பேப்பருக்கு எழுதுற தம்பி நீங்கதானே?"

"ஓம்."

"எண்பத்தஞ்சில என்ட மகனப் பத்தி மூணு வரி வந்தது. அது நீங்களோ?"

நான்தான். நாற்பது வரி அனுப்பியிருந்தேன். இடமில்லை என்று கொழும்பில் மூன்றாக்கிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர் கதைத்தார்.

அவர் கிறிஸ்தவர். நான் ஐந்து வேளைத் தொழுகையில் இரண்டை ஒழுங்காகத் தொழுகிற சாய்ந்தமருது முஸ்லிம். அவருடைய வேதத்துக்குள் புகுந்து எழுத எனக்கு என்ன உரித்து என்ற கேள்வி இந்தக் கதை முடியும்வரை இருக்கும். பதில் இருக்காது.

2

முதல் தொடக்கம்: 'எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கதிர்காமத்தம்பியின் கூரையைத் தூக்கிப்போனபோது, அந்த வெளி வழியாக ஆண்டவர்—'

[விட்டுவிட்டேன். அன்று இந்தக் கரையில் கூரை போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். எல்லார் வீட்டுக்குள்ளும் ஆண்டவர் இறங்கவில்லை.]

இரண்டாவது: 'பிறப்பால் அவர் முருக பக்தர்—'

[பெயரே அதைச் சொல்கிறது.]

மூன்றாவது, நடந்தபடி: சூறாவளிக்குப் பிறகு மூன்று மாதம் அவர் மனைவி பூமணியோடும் ஒரே மகன் தவராசனோடும் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தார். நிவாரண அரிசி கொண்டுவந்த போதகர் ஒரு வேதப்புத்தகத்தையும் கொடுத்தார். வாசிக்க வேறொன்றும் இல்லாததால் வாசித்தார். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் எங்கே போ, எங்கே இரு என்று யாரோ சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். நாற்பது வயதுவரை அவருக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அடுத்த வருடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார்.

3

அந்தச் சிறிய சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆங்கில வருடப் பிறப்புக் காலை ஆராதனையில் வேத வசனம் எழுதிய மட்டைகள் ஒரு தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டு வரிசை வரிசையாக வரும். ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். கையில் வருவது அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்குத்தத்தம். சவூதியிலோ கொழும்பிலோ ஆஸ்பத்திரியிலோ இருப்பவர்களுக்கு வீட்டார் எடுப்பார்கள். இறந்தவர்களுக்கு எடுப்பதில்லை.

(கடைசி வரியை நினைவில் வைத்திருங்கள். கதை எழுதுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாது.)

மட்டைகளைச் செய்வது கதிர்காமத்தம்பி. ஆண்களின் சேட்டுகள் மடித்து வரும் பெட்டிகளின் மட்டையைச் சேர்த்துவைத்து, ஓரம் பல் பல்லாக விழும் கத்தரியால் அளவாக வெட்டுவார். போதகர் தரும் பட்டியலைப் பார்த்துத் தன் முத்தான கையெழுத்தில் எழுதுவார். மட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும்.

4

எண்பத்தைந்து வருடப் பிறப்பன்று தவராசனுக்குக் காய்ச்சல். தகப்பன் அவனுக்கும் சேர்த்து எடுத்தார். வந்த வசனத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயப்படாதே, நின்ற இடத்தில் நில், இரட்சிப்பை நீ காண்பாய் என்ற பொருளில் இருந்தது என்பது போதும்.

அந்தச் சித்திரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடொருவர் அடிபட்டார்கள். பிறகு, தமிழன் ஒருவன் முஸ்லிம் கடையின் வெட்டுமேசையில் நிற்பது இரண்டு பக்கத்திலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. அச்சிமுகம்மது மேசையைக் கடைக்கு உள்ளே நகர்த்தினார். ஆளை நகர்த்தவில்லை.

ஆவணியில் சீருடைக்காரர்கள் வீதியில் தமிழ் இளைஞர்களைப் பிடித்து ஏற்றத் தொடங்கினார்கள். தவராசனுக்கு இருபது வயது.

"கதிரண்ணன், புதன்கிழமை மருதமுனையில நெஞ்ச சாரன் ஏத்திக்கிட்டு லொறி கொழும்புக்குப் போகுது," என்றார் அச்சிமுகம்மது. "என்ட மச்சான்தான் ஓட்டுறான். மகன ஏத்தி உடுங்க. தொப்பியொண்டப் போட்டா எங்கட புள்ள மாதிரித்தான் இரிப்பான்."

"பாப்பம் முதலாளி."

"இன்னும் என்னத்தப் பாக்கிற?"

கதிர்காமத்தம்பி மட்டையைப் பற்றிச் சொன்னார். 

"நாங்க ஒட்டகத்தக் கட்டிப்போட்டுத்தான் அல்லாஹ்ட பொறுப்புக் குடுக்கிற. நீங்க என்னண்டா கயித்த ஒளிச்சு வெச்சிட்டு ஒட்டகத்துக்கு ஓதுறீங்க."

"அவனுக்கு வந்தது நில்லு எண்டு. போ எண்டு சொல்ல நான் ஆரு?"

"அத எழுதினது நீங்கதானே?"

"எழுதினது நான். என்ட கையில தந்தது அவர்."

வீட்டில் தவராசன் ஒரு துணிப் பையில் இரண்டு சேட்டுகளை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தான்.

"அப்பா, அந்த மட்டைய நான் எடுக்கல்லியே. நீங்கதானே எடுத்த."

"உனக்கெண்டு நினைச்சுத்தான் எடுத்தன் மனே."

அவன் பையைப் பிரித்துச் சேட்டுகளைக் கொடியில் போட்டான். புதன்கிழமை லொறி போனது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பூமணி வீட்டிலிருந்து தைத்துக்கொடுக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் வாங்கப் போன இடத்தில் அவனை—

[இங்கே இருபது வரி இருந்தது. வெட்டிவிட்டேன். அவனை ஏற்றியதை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் கதைக்கவில்லை. பொத்தான் பெட்டியை மட்டும் யாரோ தையல் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.]

5

இரண்டு மாதம் தாயும் தகப்பனும் சீருடைக்காரர்களின் முகாம் வாசலில் நின்றார்கள். அந்தப் பெயரில் ஆள் இல்லை என்பதுதான் ஒவ்வொரு நாளும் மறுமொழி.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் பூமணி, "அந்த வசனம் வாற இடத்தப் படிங்க," என்றாள்.

படித்தார். முன்னால் கடல், பின்னால் படை. நடுவில் அகப்பட்ட சனத்துக்கு அவர்களின் தலைவன் சொல்கிறான், நில்லுங்கள் என்று. கதிர்காமத்தம்பி அங்கே நிறுத்தினார்.

"மிச்சத்தையும் படிங்க."

மிச்சத்தில் ஆண்டவரே பேசுகிறார். என்னிடம் ஏன் முறையிடுகிறாய், சனங்களை நடக்கச் சொல் என்கிறார்.

"எத்தின வசனம் தள்ளி?"

"ரெண்டு."

பூமணி எழுந்தாள். கொடியில் கிடந்த சேட்டுகள் இரண்டையும் எடுத்து மடித்தாள்.*

* அந்த இடத்தை முன்பு வாசித்ததில்லையா என்று கேட்டேன். ஏழு தடவை வாசித்திருக்கிறார். "புத்தகத்தில கிடக்கக்குள்ள அது கதை தம்பி. மட்டையில வந்தாப்போல கட்டளையாப் போச்சு," என்றார்.

6

மார்கழியில் போதகர், இந்த முறை வேறு யாராவது எழுதட்டுமே என்றார். நானே எழுதுகிறேன் என்றார் கதிர்காமத்தம்பி.

"அவனுக்கும் ஒண்டு எடுப்பீங்கதானே?" என்று கேட்டாள் பூமணி.

அவர் மட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எடுக்காட்டி, புள்ள இல்லையெண்டு நாமளே கையெழுத்து வெச்ச மாதிரி."

"எடுத்தா?"

"எடுத்தா உங்கட கைய நான் திரும்பவும் நம்ப வேணும்."

அவர் நூற்றுப் பன்னிரண்டு மட்டைகள் எழுதினார். ஒன்றை வெறுமையாக விட்டார்.

[இல்லை, விடவில்லை. நான்தான் விட்டேன். வெறும் மட்டை கதைக்கு அழகாக இருந்தது. இந்த மனிதருக்கு அந்த அழகு தேவையில்லை.]

அவர் செய்தது வேறு. அழுகிற தாய் ஒருத்திக்கு, உன் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்று ஆறுதல் சொல்லும் வசனம் ஒன்று பட்டியலில் இருந்தது. அதை எழுதிய மட்டையின் ஓரத்தில், நடுவைக் குறிக்கத் தையற்காரர் துணியில் போடுவார்களே, அப்படிச் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டார். பல் பல்லான ஓரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

ஆண்டவரை ஏமாற்றப் பார்த்தாரா, அவரிடம் கெஞ்சினாரா என்று எனக்கு முடிவுசெய்யத் தெரியவில்லை. மூன்று பக்கம் எழுதிப் பார்த்தும் தெரியவில்லை. கடையில் அவர் அந்த வெட்டைப் போட்டபோது அச்சிமுகம்மது கண்டிருக்கிறார். மனிசன் கடைசியில் கயிற்றைத் தேடி எடுத்துவிட்டார் என்று நினைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

7

எண்பத்தாறு, வருடப் பிறப்புக் காலை. தட்டு வழக்கம்போல் பெண்கள் பக்கத்தில் தொடங்கியது. பூமணி எடுக்காமல் அனுப்பினாள். ஆண்களின் நாலாவது வரிசைக்கு வந்தபோது பதினெட்டு மட்டைகள் மீந்திருந்தன. கதிர்காமத்தம்பி தனக்கொன்றை எடுத்து, திருப்பிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டார். தட்டு நகரவில்லை. பிடித்திருந்தவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.  பெண்கள் பக்கத்திலிருந்து பூமணி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: வெட்டு விரலில் தட்டுகிறது. எடுக்கிறார். வருடம் முழுவதும் அந்த வசனத்தை நம்ப முயல்கிறார். அதில் வெட்டுப் போட்டது தான்தான் என்பது ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வருகிறது.

இரண்டு: அந்த மட்டை போய்விட்டது. மகனைச் சவூதிக்கு அனுப்பிய யாரோ ஒருத்தியின் கையில் இருக்கிறது. அவர் வெறுங்கையை எடுக்கிறார். சபை பார்க்கிறது.

மூன்று: தேடாமல், எண்பத்தைந்தில் எடுத்ததுபோலவே, கையில் வந்ததை எடுக்கிறார். இதுதான் விசுவாசம் என்று போதகர் சொல்லக்கூடும். பூமணி சொல்ல மாட்டாள்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். எதை வைத்தாலும், இதை எழுதும் எண்பத்தொன்பதாம் ஆண்டுவரை தவராசன் வரவில்லை. அதை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "திரும்பவும் தட்டுக்குள்ள கைய விட்டன் தம்பி." பிறகு சோக்குக் கட்டியால் என் காற்சட்டையில் கோடு போட்டார். "ஒண்டர அங்குலம் உட்டாப் போதுமா?"

போதும் என்றேன். அதற்குமேல் கேட்பதுதான் என் தொழில். கேட்கவில்லை.

ஆகவே தட்டு இனி உங்கள் முன்னால். பதினேழு மட்டைகள், எல்லாம் கவிழ்ந்திருக்கின்றன. ஓரங்களைத் தடவிப் பார்ப்பதா, பார்க்காமல் எடுப்பதா, கையை இழுத்துக்கொள்வதா என்பது உங்கள் பாடு. எடுத்தால், பூமணியிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் அதை வாங்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். இதற்கு இரண்டு வசனம் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்பாள்.