காலி ஓட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கார் வேலையும் தெரிந்திருக்கும் என்று நம்பியது அவருடைய மனைவி செய்த முதல் தப்பு. அதை அவரிடமே வாய்விட்டுச் சொன்னது இரண்டாவது தப்பு.

அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு பழைய காரை விட்டுவிட்டுப் போனார். உருண்டை முகம், கனத்த கதவுகள், முன்னால் பெஞ்சு போல ஒரே நீளச் சீட்டு. அந்தச் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனாள். அவளுடைய தம்பி, கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன், தெருவில் எல்லோருக்கும் 'பியூஸ்', ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, இரும்புக் கடைக்குப் போட்டா எடைக்காவது எடுத்துப்பான்" என்றான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவு பெரிய லிஃப்டையே மேலயும் கீழயும் ஓட வைக்கிறீங்க. இது தரையிலதானே ஓடணும்? உங்களால முடியாதா?"

பெண்டாட்டி இப்படிக் கேட்ட பிறகும் முடியாது என்று சொல்கிற ஆண்பிள்ளை உலகத்தில் எங்கேயாவது இருந்தால் அவன் காலில் விழலாம். "ஆறே மாசம்" என்றார் லிஃப்ட்காரர்.

ஆறு மாசம் ஆறு வருஷமாயிற்று. காரைப் பிரிப்பதற்கு அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதுமானதாக இருந்தன. சேர்ப்பதுதான் வேறு கதை. குளியலறை வாளியில் போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. சாப்பாட்டு மேஜையில் கார்புரேட்டர் குடியேறியது. கதவுகள் நான்கும் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நின்றதால், அந்த அறையின் சொந்தக் கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் காரே பிள்ளையாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பிள்ளையாக இருந்திருந்தால் இதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருப்பேன் என்றாள் அவள்.

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த கியர்பாக்ஸில் அவள் கால் விரல் மோதிக்கொண்டது. விரல் வீங்கி நீலம் பாய்ந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் ஒரு மன்னிப்பில் தப்பித்திருப்பார். நொண்டிக்கொண்டே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கோவத்துல போறேன்னு நெனைக்காதீங்க, இந்த வீட்டுல எனக்குக் கால் வைக்க எடமில்ல. எங்கப்பா காரு, வேணாம்னு சொல்லவும் வாய் வரல. ஓடுற அன்னிக்கு என் முன்னால கொண்டு வந்து நிறுத்துங்க. நானே ஏறி உக்காந்து வீட்டுக்கு வர்றேன்."

தங்கை வீடு இரண்டு மணி நேரத் தொலைவில் வேறொரு ஊரில் இருந்தது. போன இரண்டாம் மாதமே அவளுக்கு அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது.

அதன் பிறகு அவர் வீட்டில் கால் வைக்க நிறைய இடம் இருந்தது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. கதவுகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். மேஜையைத் துடைத்தார். கட்டிலுக்கு அடியில் பெருக்கினார். அவள் இருந்தபோது செய்யாததையெல்லாம் அவள் போன ஒரே வாரத்தில் செய்து முடித்துவிட்டு, பார்க்க ஆளில்லாத சுத்தத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போன கட்டடங்களில் லிஃப்ட் கதவு திறக்கும்போது, அவளைப் போலக் கழுத்துக்குக் கீழே தாழக் கொண்டை போட்ட யாராவது முதுகு காட்டி நின்றிருந்தால், அவர் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விடுவார். மனுஷன் அவளுக்காக ஏங்கினார். வேறு வார்த்தை போட்டுச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மாதம் ஒருமுறை போன் செய்வார். என்ன பேச வேண்டும் என்று முதலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார்: தண்ணீர்க் குழாய் ரிப்பேர், மாடி வீட்டுக்காரர் காலி செய்தது. எழுதாதது ஒன்றுதான், அதை அவர் சொன்னதும் இல்லை. கடைசியில் அவள் கேட்பாள், "வண்டி எப்படி இருக்கு?" அவர் சொல்வார், "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிறு முற்பகலில், கார் ஓடியது. பியூஸ் ஒயரை மாட்டிவிட்டு, "மாமா, இப்ப திருப்புங்க" என்றான். இரண்டு இருமல் இருமி, கொட்டகை முழுக்கப் புகையைக் கக்கி, பிறகு எஞ்சின் நிதானமாகப் பிடித்துக்கொண்டது. பியூஸ் வாசலுக்கு ஓடிப்போய் தெருவையே கூப்பிட்டான். லிஃப்ட்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவர் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

அவருடைய தொழிலில் அவராக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. எந்த லிஃப்டில் கை வைத்தாலும், ஆளை ஏற்றும் முன் நூறு தடவை காலியாக மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார். நடுவில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் சரி செய்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தொட்ட லிஃப்ட் ஒன்றுகூட ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நடுவில் நின்றதில்லை. அந்த வழக்கத்தை இப்போது காருக்கும் கொண்டு வந்தார். வாரத்துக்கு ஒருமுறை தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம், திரும்பி வந்து கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. முன்சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார். பியூஸ்கூடப் பின்னால்தான்.

பதினோரு கோடு வந்தபோது கிளட்சில் ஏதோ கரகரப்பதாகச் சொல்லிக் கியர்பாக்ஸை இறக்கினார். இறக்கும் முன்பே பியூஸ் காதைத் தரையோடு வைத்துக் கேட்டிருந்தான், ஒரு சத்தமும் இல்லை. கோடுகளை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். இருபத்துமூன்றில் பெயிண்ட் ஒரு சாயல் வெளுப்பு என்று கண்டுபிடித்தார். முப்பதில், டாஷ்போர்டு கடிகாரம் நாளுக்கு நாலு நிமிஷம் பின்தங்குவது கண்ணில் பட்டது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இவருடைய குதிரை நொண்டவே இல்லை. திரண்டு வந்த வெண்ணெயைத் தாழியோடு தூக்கித் தானே போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று அவருக்கே தெரியும். வண்டி ஓடாத வரைக்கும் அவள் வராதது வண்டியின் குற்றம். வண்டி போய் அவள் முன்னால் நின்று, அப்போதும் அவள் வரவில்லை என்றால்? அந்தக் குற்றத்தை அப்புறம் எங்கே கொண்டு போய் வைப்பது?

இதற்கிடையில் போனில் அவள் காரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பொய் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

கடைசியில் பியூஸுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டிய சோதனைக்குக் கொண்டு போகணும். தேதி வாங்கியாச்சு."

"யாரக் கேட்டு வாங்கினே மாப்ளே? இன்னும் அறுபத்திநாலு ஓட்டம் பாக்கி இருக்கு."

"நூறு முடிக்கிறதுக்குள்ள நமக்கெல்லாம் பல்லு போயிடும் மாமா. வியாழக்கிழமை நீங்க வரலேன்னா, நான் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

வியாழக்கிழமை போனார். வாகனச் சோதனை நடக்கிற மைதானத்தில் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார், மேட்டில் ஏற்றி ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தச் சொன்னார். லிஃப்ட்காரர் பரீட்சை எழுதும் பையனைப் போல வியர்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எப்படியாவது பெயிலாக வேண்டுமே என்று.

"சார், கிளட்சப் பாத்தீங்களா? சத்தம் வருதான்னு..."

"நல்லா இருக்குங்க."

"டாஷ்போர்டு கடிகாரம்..."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிய பாஸ் பண்ணச் சொல்லிக் கெஞ்சுறவங்களத்தான் தினமும் பாக்குறேன். நீங்க என்ன சார் இப்படி?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பத்து வருஷ வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

மைதானத்து வாசலில் பியூஸ் இறங்கிக்கொண்டான். இடப்பக்கம் போனால் வீடு, வலப்பக்கம் போனால் அவள் இருக்கிற ஊர். "நான் நடந்து போயிக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வலப்பக்கம் திருப்பினார்.

இரண்டு மணி நேரமும் ஒரு கரகரப்பு வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். வரவில்லை. வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிரில் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் பெருமையாக இல்லை. பக்கத்துக் காலி சீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அங்கே அவள் உட்கார்ந்திருந்தால், இந்த வளைவில் 'மெல்லப் போங்க' என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்து மெல்லப் போனார்.

கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்தியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. உள்ளே அவள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளும் இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவருக்குச் சட்டத்தைச் சரியாகப் பொருத்தி, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அப்பா இருந்திருந்தா மயங்கி விழுந்திருப்பாரு" என்றாள். "சாப்பாட்டு நேரந்தான். ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதைக் கவனித்தார். கடைத்தெருவைத் தாண்டி மரம் அடர்ந்த சாலைக்கு வந்தார்கள். அப்புறம் அவள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே ஓடுச்சு."

அவர் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது.

"அன்னிக்கே தம்பி போன் பண்ணான். வாசல்ல நின்னு போனைத் தூக்கிப் புடிச்சான், எஞ்சின் சத்தத்தக் கேட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே பெட்டிய அடுக்கிட்டேன். நீங்களா வந்து சொல்லணும்னு, எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட மூச்சு விடல. கடையில வேலைய விடுறேன்னு சொல்லிட்டேன், எனக்குப் பதிலா ஒரு பொண்ண எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பேன். தெருவுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எந்திரிப்பேன். தங்கச்சி புள்ளைங்க சிரிக்கும்."

"எத்தன நாளு?"

"மழைக்காலம் முழுக்க. அப்புறம் ஒருநாள் துணியெல்லாம் எடுத்து அலமாரியில வெச்சுட்டேன். கடையில போயி மறுபடி வேலை கேட்டேன். குடுத்தாங்க. நல்லவங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "பயமா இருந்துச்சு" என்றார். "போன் பேச எழுதி வெச்சுக்குற துண்டுச் சீட்டுலகூட இத எழுதல நான். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். நீ இல்லாம அந்த வீட்டுல என்னால முடியல."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத அன்னிக்கே போன்ல சொல்லியிருந்தா, வண்டியே வேண்டியிருந்திருக்காது" என்றாள். "திருப்புங்க. நேரமாச்சு."

கடை வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அவள் கதவில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. கூட வருவியான்னு இப்ப கேக்காதீங்க, எனக்கே தெரியல. நீங்க வாங்க. உக்காந்து பேசுவோம்."

"கண்டிப்பா வந்துடுறேன்" என்றார் அவசரமாக. "வண்டி மக்கர் பண்ணாக்கூட விடமாட்டேன். பஸ்ஸப் புடிச்சாவது வந்துடுறேன்."

இறங்கப் போனவள் அப்படியே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"பஸ்ஸு நாலு வருஷமா ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றாள். "அரை மணிக்கு ஒண்ணு. இந்தக் கடை வாசல்லதான் நிக்கும்."