வரி செலுத்துபவர் நேரில் வர வேண்டும்

"குடிக்காதே" என்று கூறியவாறே தாய் மகளின் கையிலிருந்த டம்ளரைப் பறித்தாள். நீர் இருவர் மீதும் சிந்தியது. சிந்திய இடங்களிலெல்லாம் சாக்கடையின் வாடை எழுந்தது.

மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. கணவன் தொலைதூரங்களுக்கு லாரி ஓட்டுபவனாதலால், பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். வந்த மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. இப்போது கண்களின் வெண்மை மஞ்சளாக மாறியிருந்தது.

"ஒரு வாய்தாம்மா. தொண்டை ஒட்டுது. காய்ச்சின தண்ணிதானே?"

"காய்ச்சினா சாக்கடை நல்ல தண்ணி ஆயிடுமா? பம்புல பிடிச்சுட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இரு."

தாய் ஓர் இஸ்திரிக்காரி. வாசலை ஒட்டிய சிறிய அறையில் மேசையும் கரிப்பெட்டியும் வைத்துக்கொண்டு பத்துத் தெருக்களின் துணிகளுக்கு மடிப்புப் பிடித்துப் பிழைத்தாள். துணி வெளுத்த நீர் எந்நிறத்தில் ஓடும் என்பதை அறிந்த அவளுக்கு, தன் வீட்டுக் குழாயில் வரும் நீரின் நிறம் நன்கு பழகியதே. கறுப்புத் துணியை முதன்முறை அலசும்போது வடியும் நீரைப் போன்றது அது. தெருவின் அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே சென்றன. எங்கோ இரண்டும் உடைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

மருத்துவர் ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிட்டார். ஈரல் வீங்கியிருக்கிறது, இந்நீர் இன்னும் வயிற்றுக்குள் சென்றால் குழந்தைக்கும் உறுதி கூற இயலாது, சுமப்பவளுக்கும் உறுதி கூற இயலாது. அடுத்த தெருவின் கைப்பம்பிலோ, வெளித்தெருவினருக்கு நாளொன்றுக்கு ஒரு குடமே அளிக்கப்படும். அந்த ஒரு குடத்திலிருந்துதான் மகள் குடிக்க வேண்டும்; துணிகளுக்கும் தெளிக்க வேண்டும். நாறும் நீரைத் தெளித்துத் தேய்த்தால், சூடு பட்டதும் துணியும் நாறும். எனவே அவள் மகளுக்குப் பற்றாத நீரைப் பிறர் சட்டைகளுக்குத் தெளித்தாள்.

திங்கட்கிழமை அவள் மனுவுடன் ஊர்மன்ற அலுவலகத்திற்குச் சென்றாள்.

அம்மன்றத்தின் தீர்மானம் ஒன்றை இவ்விடத்தில் கூறுதல் வேண்டும். 'மன்றம் வரி செலுத்துவோருக்கே பதில் கூறக் கடமைப்பட்டது. ஆதலின் குறை கூறும் மனுவை வரி செலுத்துபவரே நேரில் வந்து அளித்தல் வேண்டும்' என்பது அத்தீர்மானம். சுவரில் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. படிப்பவர் எவருக்கும் அது நியாயமாகவே தோன்றும்.

வரி எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவள் நீட்டிய ரசீதைப் பார்த்தார். தெருவினர் அவரைக் கண்ணாடிக்காரர் என்று அழைப்பது வழக்கம்.

"ரசீது உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரை வரச் சொல்லுங்க."

"அவரு போயி நாலு வருஷமாச்சு சார்."

"போன மாசம் கட்டியிருக்காரே."

"நான்தான் கட்டினேன்."

"நீங்க கட்டினீங்க சரி. செலுத்துனது யாருன்னு ரசீது சொல்லுது பாருங்க. அவருதான் வரி செலுத்துபவர். நீங்க கொண்டுவந்து குடுத்தவங்க."

கண்ணாடிக்காரர் தீயவர் அல்லர். ஏட்டில் உள்ளதை உலகம் என்று நம்பியவர். மற்றொரு பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அத்தெருவின் குழாய்கள் மூன்றாண்டுகளுக்கு முன்பே முழுவதும் மாற்றப்பட்டுவிட்டதாக எழுதியிருக்கிறதே என்று வியந்தார். அத்தெருவில் ஒருவரும் மண்வெட்டியைக் கூடக் கண்டதில்லை என்றாள் அவள். எழுத்தர் ஏட்டை மூடினார்.

பெயரை மாற்றித் தருமாறு கேட்டாள். அதற்கு இறந்தவரின் உடன்பிறந்த ஆண்மகன் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்திட வேண்டும் என்றார் அவர்.

அத்தெரு கல்லுடைக்கும் தொழிலாளர் தெரு. கல்தூசி ஆண்களின் நெஞ்சை அடைத்து, நாற்பது வயதுக்குள் கொண்டுபோயிற்று. வீடுகள் மட்டும் அவர்கள் பெயரிலேயே நின்றன. மனைவி உயிருடன் இருக்க, கணவனின் பெயரை வீட்டிலிருந்து நீக்குவது அவனை இரண்டாம் முறை தூக்கிச் செல்வதற்கு ஒப்பாகும் என்பது அவ்வூரார் கொள்கை. அவ்வாறு பதினான்கு வீடுகள். பதினான்கிலும் பெண்கள் வரி கட்டினர், ஆண்கள் செலுத்தினர்.

அவளுடைய கணவனின் தம்பி அவ்வட்டத்தின் மன்ற உறுப்பினர். குழாய் மாற்றும் பணி நிறைவேறியதாகக் கையெழுத்திட்டவரும் அவரே. அடுத்த வாரம் நடைபெறவிருந்த தேர்தலில் மீண்டும் நின்றார். அவள் சென்றபோது, அவர் வாக்காளர் பட்டியலை மடியில் விரித்து, சில பெயர்களின் அருகே சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் பேரை எடுக்கணும்னு உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

"பேரை எடுக்க வரலை தம்பி. தண்ணி கேட்டு வந்திருக்கேன். உங்க அண்ணன் பொண்ணு அங்க மஞ்சளா கிடக்கறா."

"தெரியும். நானும் மனுஷன்தானே? ஆனா இன்னிக்கு உங்களுக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அத்தனை பொம்பளைங்களும் என் வாசல்ல வந்து நிப்பாங்க. எலெக்‌ஷன் முடியட்டும். முதல் கையெழுத்து உங்களுக்குத்தான்."

"அவ வயித்துல இருக்கறது எலெக்‌ஷன் வரைக்கும் பொறுத்திருக்குமா?"

அவர் பட்டியலை மடியிலிருந்து இறக்கி வைத்தார். உள்ளே சென்று ஆறு வெள்ளைச் சட்டைகளைக் கொணர்ந்து அவள் கையில் வைத்தார். உறவினராதலால் கூலி கொடுப்பதில்லை. "நாளைக்கு ஊர்வலம் இருக்கு. காலர் கொஞ்சம் விறைப்பா இருக்கட்டும்" என்றார்.

எழும்போது அவளுடைய பார்வை பட்டியலின் மீது விழுந்தது. ஆண்டுக்கு இருமுறை ரசீதில் கண்டு பழகிய பெயராதலால் கணவனின் பெயரை உடனே அறிந்துகொண்டாள். அதன் அருகே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. எவ்வளவாயினும் அண்ணனை மறக்கவில்லை என்று எண்ணி அவள் நெஞ்சம் சற்றே இளகியது. அன்று மாலை, ஒரு குடத்தில் எஞ்சிய நீரைத் தெளித்து அந்த ஆறு சட்டைகளையும் தேய்த்தாள்.

அவரை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பதாண்டுகள் அத்தெருவின் கதவுகளைத் தட்டியவர். எந்த வீட்டில் எவர் பெயருக்கு வந்த கடிதம் எப்போது திரும்பிப் போயிற்று என்பதை அறிந்தவர். வென்றால் முதல் நாளே அத்தெருவைத் தோண்டச் செய்வேன் என்றார். ஏட்டில் மாற்றப்பட்ட குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று ஊர் முழுவதும் பார்க்கட்டும் என்றார். பம்படியில் பெண்கள் இதையே பேசினர். பால்காரி ஒருத்தி, "மனு குடுக்கத்தான் புருஷன் வேணும், ஓட்டுக்கு அந்தத் தொல்லை இல்லையே" என்றபோது அனைவரும் நகைத்தனர். மகள் அப்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். வீடு திரும்பினால் மீண்டும் அதே குழாய். ஆகவே அந்த ஒரு வாக்கைத் தவிர அவளுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை.

தேர்தல் நாளன்று அவள் மருத்துவமனையிலிருந்து நேரே பள்ளிக்கூட வாக்குச்சாவடிக்கு வந்தாள். அலுவலர் அடிக்கோலைப் பட்டியலின் மீது மேலும் கீழுமாக நகர்த்தினார்.

"உங்க பேரு அடிச்சிருக்கும்மா."

"எதுக்கு சார்?"

"இறந்தவர்னு போட்டிருக்கு."

பின்னால் நின்ற பால்காரி கழுத்தை நீட்டினாள். "நல்லாப் பாருங்க சார். நின்னுக்கிட்டுதான் இருக்கா. வேணும்னா கிள்ளிக் காட்டட்டுமா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். பின்னர் தன் பெயருக்கு மேலிருந்த வரியைக் கண்டாள். கணவனின் பெயர் அடிக்கப்படவில்லை. வாக்களித்ததற்கான கோடு அதன் அருகே இடப்பட்டிருந்தது.

"இவரு?"

"இவரு காலையில வந்து போட்டுட்டுப் போயிட்டாரே. ஏழே கால் இருக்கும்."

அவள் அந்தக் கோட்டின் மீது விரலை வைத்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"எப்படி இருந்தாரு?"

அவள் ஏளனம் செய்கிறாள் என்று எண்ணிய அலுவலர், அடுத்தவரை அழைத்தார்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தவரும் கண்ணாடிக்காரரே என்பதால், அங்கிருந்து அவள் அவரைத் தேடிச் சென்றாள். அவர் பட்டியலைப் பார்த்து, நினைவுபடுத்திக்கொண்டு, சற்றுப் பெருமையுடனேயே விளக்கினார். கணவன் இறந்தபோது அவள் அளித்த இறப்புச் சான்று, அலுவலகத்தின் கூரை ஒழுகும் அறையில் நனைந்துவிட்டது. வீட்டு எண் தவிர மற்றவை அழிந்துவிட்டன.

"அந்த வீட்டுல ஒரு சாவு. அது நிச்சயம். பட்டியல்ல இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் ஒரு தவணைகூடத் தவறாம வரி கட்டிட்டு வர்றாரு. செத்தவரு வரி கட்டுவாரா? கட்ட மாட்டாரு. அப்ப மிச்சம் இருக்கறது யாரு? நீங்களே சொல்லுங்க."

அவளுக்குக் கணக்கு புரிந்தது. அரைப்பட்டினி கிடந்தும் தவணை தவறாமல் தான் கட்டிய வரியே கணவனை உயிருடன் வைத்திருந்தது, தன்னைக் கொன்றது. திருத்த முடியுமா என்று கேட்டாள். அவள் உயிருடன் இருப்பதாக வீட்டின் வரி செலுத்துபவர் நேரில் வந்து எழுதித் தந்தால் திருத்தலாம் என்றார் எழுத்தர்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. மகள் பிழைத்துக்கொண்டாள். விழித்ததும் அவள் முதலில் நீர் கேட்டாள். தாய் டம்ளரை ஒளியில் பிடித்து நெடுநேரம் பார்த்த பிறகே கொடுத்தாள்.

அதே நாளில் வாக்குகள் எண்ணப்பட்டன. கொழுந்தனார் பதினொரு வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார்.

புதிய மன்றம் பொறுப்பேற்ற மாதத்தில் ஒரு விழா ஏற்பாடாயிற்று. நிலுவையின்றி வரி செலுத்தியோரை மேடைக்கு அழைத்துப் பாராட்டிதழ் வழங்குவது அதன் நோக்கம். கல்லுடைப்போர் தெருவுக்கே பெரும்பான்மையான இதழ்கள். நிலுவை வைத்தால் குழாயைத் துண்டித்துவிடுவார்கள் என்று அஞ்சி அத்தெருப் பெண்கள் எதை விற்றேனும் வரி கட்டியிருந்தனர். துண்டித்திருந்தால் ஒருவேளை நன்றாயிருந்திருக்கும்.

மேடையில் கொழுந்தனார் நின்றார். அன்று அவருடைய சட்டை வேறு எவரோ தேய்த்தது. காலர் ஒரு புறம் மடிந்து கிடந்தது. கண்ணாடிக்காரர் பதிவேட்டை விரித்து ஒலிபெருக்கியில் முதற் பெயரைப் படித்தார். அது அவளுடைய கணவனின் பெயர்.

அவள் எழுந்து மேடையேறினாள். கூட்டம் கை தட்டியது. கொழுந்தனார் பாராட்டிதழை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"வாங்கிட்டுக் கீழ போங்க அண்ணி. எல்லாரும் பார்க்கறாங்க" என்று உதடு அசையாமல் கூறினார்.

"எனக்கு எப்படி தம்பி குடுப்பீங்க? நான் செத்தவ." அவள் குரலை உயர்த்தவில்லை, எனினும் ஒலிபெருக்கி அருகிலேயே இருந்தது. "வரி செலுத்துபவர் நேர்ல வரணும்னு உங்க சுவத்துலயே எழுதியிருக்கு. வரட்டும். ஏழே கால் மணிக்கு ஓட்டுப் போட வந்தவருக்கு இங்க வர வழி தெரியாதா? நாங்க உக்காந்து காத்திருக்கோம்."

கைதட்டல் எங்கோ நடுவில் நின்றுபோயிற்று. அவள் படியிறங்கி, மகளின் அருகே சென்று அமர்ந்தாள்.

என்ன செய்வதென்று அறியாத எழுத்தர் இரண்டாம் பெயரைப் படித்தார். அந்த மனிதர் இறந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியாகிய பால்காரி மடியில் கைகளைக் கோத்தபடி அசையாதிருந்தாள். மூன்றாம் பெயர் படிக்கப்பட்டது. நான்காம் பெயரும் படிக்கப்பட்டது. பெண்கள் வாயிலை நோக்கித் திரும்பி, வரப்போகிறவர்களை எதிர்பார்ப்பவர் போல் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்வரிசையில் தபால்காரர் எழுந்து நின்று, ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். மேடையில் நின்றவரின் கையில் இதழ்கள் சேர்ந்துகொண்டே போயின.

கண்ணாடிக்காரருக்கு ஏட்டை வெறுமையாக விடும் பழக்கம் இல்லை. பெயரைப் படித்ததும் சற்றுப் பொறுத்தார், பேனாவை எடுத்தார், பதினான்கு பெயர்களுக்கு எதிரிலும் ஒரே சொல்லை எழுதினார்.

'வரவில்லை.'

அம்மனிதர்களைக் குறித்து அந்த ஊர்மன்றம் எழுதிய முதல் உண்மை அதுவே.