காப்புக் கட்டிய கணினி

லப்டொப்பா டெஸ்க்டொப்பா என்ற கேள்வி பழுகாமத்தில் யோகராசாவின் வீட்டுக்குள் நுழைந்து பதினேழு நாட்களாகியிருந்தன. அந்தப் பதினேழு நாளும் அங்கே யாரும் கணினியைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்ததெல்லாம் தனுஷியா இனி எந்தக் கூரையின் கீழ் படுத்தெழும்பப் போகிறாள் என்பதைப் பற்றித்தான். பெயர் மட்டும் கணினிக்கு.

யோகராசாவின் ஒரே மகளுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் புவியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் ஒரு கட்டிலும் கிடைத்திருந்தது. கட்டாரில் இருக்கும் தாய்மாமா கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். எதை வாங்குவதென்று அத்தான் முடிவெடுக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். லப்டொப் என்றால் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போய்விடலாம். டெஸ்க்டொப் என்றால் அது வீட்டில் இருக்கும். அது வீட்டில் இருந்தால் அதைப் பாவிக்கிற பிள்ளையும் வீட்டில் இருக்கும். இந்தக் கடைசி வரியை யோகராசா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் சொன்னது வேறு.

"லப்டொப் கழட்டிப் பாக்கேலாத சாமான், மகள். கழட்டிப் பாக்கேலாத சாமான நம்பப்படா."

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறவர் வேறு எப்படிச் சொல்வார்? கல்யாணத்துக்கு வந்த மணிக்கூட்டைக் கல்யாணத்தன்றே கழற்றிப் பார்த்தவர். அது இன்றுவரை பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.

"அப்ப கம்பஸில இரிந்து நான் எப்பிடிப்பா வேல செய்யிற?"

"அஞ்சி மணி பஸ்ஸில ஏறினா பட்டிருப்புப் பாலம். தாண்டினா களுவாஞ்சிகுடி. அங்க மாறினா மட்டக்களப்பு, மறுகா அங்க மாறினா வந்தாறுமூலை. பின்னேரம் அப்பிடியே கிறுகி வாற. ஊட்டில கொம்பியூட்டர் இரிக்கும், அம்மாட சோறு இரிக்கும். மறுகா என்ன?"

"போக ரெண்டர மணித்தியாலம், வர ரெண்டர மணித்தியாலம்."

"பஸ்ஸில இரிந்து படிக்கலாம்."

"இரிக்க இடம் கிடைச்சாத்தானே."

"நிண்டும் படிக்கலாம்."

அம்மா தெய்வமணி எந்தப் பக்கமும் சாயவில்லை. "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க, இறால் ஆறுது" என்பதுதான் அவருடைய நிலைப்பாடு.

பதினெட்டாம் நாள் யோகராசா வென்றார். பாகம் பாகமாக வாங்கிக் கண்முன்னே பூட்டித் தருகிற கடை ஒன்று செங்கலடியில் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் "கண்முன்னே" அவருக்குப் போதுமாயிருந்தது. விடுதிக் கட்டிலை மனதுக்குள் மடித்து வைத்துவிட்டு தனுஷியா பின்னால் போனாள்.

கடைப் பொடியன் ரதீஸுக்கு அன்று தடிமன். வெள்ளை முகக்கவசத்தால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தான். மேசையில் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, ஒரு நீலப் பட்டியை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, அதன் வயரை மேசையின் இரும்புக் காலில் கொளுவினான். உடம்பில் ஊறும் நிலைமின்சாரம் பாகங்களை எரித்துவிடாமல் இருக்கக் கட்டுகிற பட்டி அது. தனுஷியாவுக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது வேறொன்று. வெள்ளைத் துணியால் வாய் கட்டிப் பூசை செய்கிற கோயில்களைப் பார்த்து வளர்ந்த மனிதர் அவர்.

"புள்ள," என்று அவர் காதுக்குள் சொன்னார், "வாய் கட்டி இரிக்கான். காப்பும் கட்டிறான்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மவுஸ் வாங்க வந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தாங்களும் கழற்றினார்கள்.

ரதீஸ் ஒரு பெட்டியைத் திறந்து பச்சைப் பலகை ஒன்றைத் தூக்கி வைத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற தனுஷியாவுக்கும் அப்போது சிரிப்புப் போய்விட்டது. எத்தனையோ வீடியோவில் பார்த்த மதர்போர்ட் பலகைதான். ஆனால் இரண்டடி தூரத்தில் பார்ப்பது வேறு. மயிரிழைக் கோடுகள் ஆயிரக்கணக்கில் ஓடின. ஒன்றோடொன்று முட்டாமல் வளைந்து, பிரிந்து, ஓரிடத்தில் கூடி, மறுபடி கலைந்து போயின. யோகராசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"வட்டை," என்றார்.

"என்னப்பா?"

"மேல நிண்டு பாத்தா நம்மட வயல் வட்டை இப்பிடித்தான் இரிக்கும். இந்தா பெரிய வாய்க்கால். இந்தா கிளை. இது மதகு. வரம்பு ஒண்டும் உடையல்ல." நிமிர்ந்து ரதீஸைப் பார்த்தார். "தம்பி, இதுக்குத் தண்ணி பாயிற எங்கால?"

ரதீஸ் ஒரு கணம் யோசித்தான். "இதால வரும் ஐயா. கரண்ட்தான் தண்ணி."

"எல்லா வயலுக்கும் போகுமா?"

"ஒரு செக்கனுக்குள்ள கோடிக்கணக்கான தரம் போய் வரும்."

யோகராசா அதன்பின் ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. அவருடைய வாயை யாரும் கட்டியிருக்கவில்லை.

பூட்டி முடித்த நேரம் ரதீஸின் கைத்தொலைபேசி அடித்தது. பட்டியின் வயரை மட்டும் இழுத்துக் கழற்றிவிட்டு, பட்டி கையிலேயே இருக்க, கதைத்துக்கொண்டு உள்ளே போனான். அதை யோகராசா கவனித்தார். அங்கேதான் வினை தொடங்கியது.

"காப்பு அவிழ்க்கல்ல," என்றார் வீட்டுக்கு வந்ததும். "காப்புக் கட்டினா, வேல நிறைவேறுமட்டும் ஊட்டில மீன் ஆக்கப்படா."

கோயில் சடங்கில் காப்புக் கட்டினால் ஊரில் அதுதான் வழக்கம். தெய்வமணி அகப்பையோடு வெளியே வந்தார். "கோயில் காப்புக்குத்தானேகா அது? பெட்டிக்குமா?"

"வேல நிறைவேறுமட்டும்," என்றார் யோகராசா.

மீன் நிறைந்த மட்டக்களப்பு வாவியை முற்றத்தில் வைத்துக்கொண்டு அந்த வீடு பன்னிரண்டு நாளாகப் பருப்பும் கத்தரிக்காயும் தின்றுகொண்டிருந்தது. தெய்வமணியின் நடுநிலை நாலாம் நாளிலேயே கெட்டுப்போனது. "அந்தப் பெட்டி இந்த ஊட்ட உட்டு எப்ப போகும்?" என்று பெட்டிக்குக் கேட்கும்படியே கேட்கத் தொடங்கினார்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. வகுப்பு தொடங்குமுன் செய்து பழகச் சொல்லி கம்பஸில் ஒரு பயிற்சி அனுப்பியிருந்தார்கள். செய்மதிப் படங்களை எடுத்து, ஓரிடம் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று ஓடவிட்டுக் காட்ட வேண்டும். தனுஷியா தங்கள் ஊரையே எடுத்தாள். முகில் மூடிய மாதங்களைத் தள்ளிவிட்டு மூன்று வருடப் படங்களைக் கொடுத்தாள். பெட்டி உறுமத் தொடங்கியது. இருபது நிமிடம் உறுமியது.

யோகராசா பின்னால் வந்து நின்றார்.

திரையில் வாவி இருந்தது. வானத்தின் உச்சியில் யாரோ நின்று எடுத்த வாவி. கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் இரண்டு கையால் விலக்கிக்கொண்டு வடக்கே நீண்டு கிடந்தது. தனுஷியா ஓடவிட்டாள். வாவி வீங்கியது. மாரி வெள்ளம் வட்டைகளுக்குள் ஏறி, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் பளபளத்தது. பிறகு மெல்ல வற்றியது. வட்டைகள் பச்சையாகின, பொன்னாகின, சாம்பலாகின. மறுபடி வாவி வீங்கியது. மறுபடி வற்றியது.

"மூச்சு உடுது," என்றார் யோகராசா. அவருடைய குரல் அவருடையதாக இல்லை.

தனுஷியா இருபது வருடம் அந்தத் தண்ணீரின் பக்கத்தில் தூங்கியிருக்கிறாள். அது மூச்சு விடுவது அவளுக்குத் தெரியாது.

"அந்தா நம்மட வயல், அப்பா. அந்த மூலையில."

அவர் விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொடவில்லை. ஒரு அரிசி அளவு பச்சை பொன்னாகிக்கொண்டிருந்தது. "அது நான் அறுத்ததா?"

"ஓம். போன வருசம்."

அப்போது கரண்ட் போனது. வழியில் எங்கோ கம்பியில் குரங்கு பாய்ந்திருக்கும். அது வழக்கமான குரங்குதான். யூபிஎஸ் என்ற பெட்டி கீக் கீக் என்று அழத் தொடங்கியது. அது ஏழு நிமிடம் கணினியைத் தாங்கிக்கொண்டு அழும். படுவான்கரையில் கரண்ட் ஏழு நிமிடத்தில் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"சேமிச்சிட்டியா புள்ள?"

"சேமிக்கத்தான் இன்னும் பத்து நிமிசம் வேணும்."

இருவரும் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீங்கியது, வற்றியது, வீங்கியது. வீங்கிய இடத்தில் திரை கறுத்தது.

லப்டொப் என்றால் பற்றரியில் ஓடியிருக்கும். அந்த வசனம் தனுஷியாவின் நாக்கு நுனிவரை வந்தது. பதினேழு நாள் தேடியும் கிடைக்காத வாதம், ஒரு குரங்கின் தயவில் கையில் வந்து விழுந்திருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதை விழுங்கிவிட்டாள்.

யோகராசா கேட்டார்: "கம்பஸில கரண்ட் போறல்லியா?"

"போறதான். ஜெனரேட்டர் இரிக்காம்."

"எத்தின நிமிசத்தில தொடங்குமாம்?"

தனுஷியாவுக்குத் தெரியாது. "ரெண்டு," என்றாள்.

"அப்ப யூபிஎஸ்ஸுக்கு அஞ்சி நிமிசம் மிச்சம்." அவர் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய முகமும் பின்னால் மகளின் முகமும் தெரிந்தன. "இது இஞ்ச வைக்கிற சாமான் இல்ல. இஞ்ச வச்சிரிக்கிறது பாவம்."

"அங்க கொண்டு போனா ஆரு பாக்கிற?" என்று குசினியிலிருந்து தெய்வமணி கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார்.

யோகராசா பதில் சொல்ல எடுத்த நேரத்தில் கரண்ட் வந்து, மறுபடி போனது.

"அத ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் பாக்கணும்," என்றார். பிறகு, "ஊட்டில நல்ல சாக்கு எத்தின இரிக்கி?"

செவ்வாய்க்கிழமை ஐந்து மணி பஸ்ஸில், மெத்தை விரிப்பில் சுற்றி நெல்லுச் சாக்கில் கட்டிய கணினி யன்னலோரச் சீட்டில் அமர்ந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தது. யோகராசா நின்றுகொண்டு போனார்.

பெண்கள் விடுதியில் ஆண்களுக்கு முன்மண்டபம் மட்டும்தான். பொறுப்பாளர் றஞ்சிதா மிஸ் கண்டிப்பானவர். ஆனால், "பூட்டி ஒருக்கா ஓடவிட்டுப் பாத்திட்டுப் போறன், மிஸ்" என்று சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? மண்டப மேசையிலேயே பூட்டினார். எந்த வயர் எங்கே போகும் என்று மகளிடம் கேட்கவில்லை.

பெட்டி உறுமியது. தனுஷியா முதலிலிருந்து வேலையைத் தொடங்கினாள். இருபது நிமிடத்தில் வாவி வந்தது. சாப்பாட்டுக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். மேசையடியில் யோகராசாவின் செருப்பு தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு றஞ்சிதா மிஸ், மேலே ஒன்றும் யோசிக்காமல், தன்னுடையதையும் கழற்றினார்.

வாவி முழுதாக ஒருமுறை மூச்சு வாங்கி விட்டது. தனுஷியா சேமித்தாள்.

யோகராசா ஓரமாகப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"தெய்வமணி, வேல நிறைவேறிற்று. இண்டைக்கு மீன் ஆக்கு."

மறுபக்கத்தில் தெய்வமணி ஏதோ கேட்டார். யோகராசா திரும்பித் திரையைப் பார்த்தார். அதன் முன்னால் வெளிச்சம் பட்ட முகத்தோடு இருந்த மகளைப் பார்த்தார். அரிசி அளவு பச்சை பொன்னாகிற வரைக்கும் நின்றார்.

"ரெண்டு பேருக்கு," என்றார்.